யெல்லெயின் கண்ணாடிச் சாடி

ஓடுகிற கப்பலைத் துரத்திப் பிடித்து வியாபாரம் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. நெதர்லாந்தில் எங்கள் வால் ஆற்றில் சரக்குக் கப்பல்காரர்கள் ரொட்டி வாங்குவதற்காக நிற்கமாட்டார்கள். என் வீட்டுக்காரர் தோன் எங்கள் கடைப்படகை அவர்கள் பக்கவாட்டில் கொண்டுபோய் அணைப்பார். நான் கயிற்றை வீசுவேன். அந்தப் பக்கம் யாராவது பிடித்து இரும்பு முளையில் சுற்றுவார்கள். பிறகு இரண்டும் சேர்ந்து நகர்ந்துகொண்டிருக்க, கப்பல்காரி எங்கள் படகுக்குள் இறங்கிவந்து உருளைக்கிழங்கும் சோப்பும் தலைவலி மாத்திரையும் வாங்குவாள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் சாமானும் வாங்கியாக வேண்டும், கதையும் பேசியாக வேண்டும். முப்பத்தோரு வருஷம் இப்படி ஓட்டியிருக்கிறேன். வாரத்துக்கு இருபது நிமிஷம் பார்த்தாலே போதும், ஒரு குடும்பத்தில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரிந்துவிடும் என்று பெருமையடித்துக்கொள்வேன். எல்லாம் திமிர்.

'யோஹன்னா' கப்பல் வியாழக்கிழமைகளில் வரும். மேலே ஜெர்மனிக்கு மணலோ தானியமோ ஏற்றிக்கொண்டு போகும், கீழே கரியோடு இறங்கும். ஹார்மென் சுக்கானில் இருப்பார், அவர் மனைவி தீனகெ மற்ற எல்லாவற்றிலும் இருப்பாள். அவர்களுக்குக் கரையில் வீடு கிடையாது. கப்பலின் பின்பக்கத்து மூன்று அறைகள்தான் வீடு. சன்னலில் சரிகைத் திரை, தொட்டியில் சிவப்புப் பூ, எல்லாம் உண்டு. பெண்கள் இரண்டு பேரையும் அங்கேயே பெற்று வளர்த்து கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு அக்டோபர் காலையில் ஹார்மெனின் அண்ணன் யெல்லெ, தன் கப்பலின் சுக்கானைப் பிடித்தபடியே மூளையில் இரத்தக்குழாய் வெடித்துச் சரிந்தார். கப்பல் தன்பாட்டுக்குப் போய், டீல் ஊருக்குக் கீழே கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்தடுப்பில் ஏறி நின்றது. யெல்லெக்கு ஐம்பத்து மூன்று வயது. அவர்கள் அப்பாவும் ஐம்பத்தைந்தில் அப்படித்தான் போனார். "எங்க ரத்தம் அப்படி" என்று ஹார்மென் சொல்வார், குடும்பச் சொத்தைப் பற்றிச் சொல்வது போல.

அண்ணனின் சுக்கான் அறையிலிருந்து ஹார்மென் எடுத்துவந்தது ஒரே ஒரு பொருள். தகர மூடி போட்ட கண்ணாடிச் சாடி. யெல்லெ அதில் ட்ரொப் போட்டு வைத்திருப்பார். அதிமதுரச் சாற்றைக் காய்ச்சிச் செய்கிற கறுப்பு மிட்டாய். எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை முதல் பாதிரியார் வரை எல்லார் வாயிலும் அதுதான். அதை யாரும் தின்பண்டம் என்றுகூட எண்ணுவதில்லை.

அண்ணனைப் புதைத்துவிட்டு வந்த வாரமே தீனகெ அழுது அடம்பிடித்து ஹார்மெனின் புகையிலையை ஆற்றில் கொட்டினாள். அவர் கை சும்மா இருக்கமாட்டாமல் சுக்கான் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

"அந்தச் சாடி காலியாத்தானே கெடக்கு. அதுல ட்ரொப் போட்டு வை. சிகரெட் ஞாபகம் வரும்போதெல்லாம் ஒண்ணை எடுத்து வாயில போட்டுக்கிடட்டும்."

சொன்னது நான்தான். வாரத்துக்கு இரண்டு பொட்டலம் என்று அன்றைக்கு ஆரம்பித்தது.

ஐம்பது வயதை எட்டிய கப்பல்காரர் ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று வாங்க வேண்டும். அண்ணன் போய் ஒன்றரை வருஷம் கழித்து வந்த மார்ச்சில் ஹார்மெனுக்கு ஐம்பது. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வியாழன் தீனகெ எங்கள் படகில் இறங்கியபோது அவள் கையில் பை இல்லை.

"என்னடி, மொகம் இப்படிக் கெடக்கு?" என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போடல."

"யாரு?"

"டாக்டர். ரத்த அழுத்தம் மேல இருநூத்திப் பத்து, கீழ நூத்திப் பதினஞ்சு. இன்னொரு தடவை பாருங்கன்னேன். மூணு தடவை பாத்தாரு. மூணு தடவையும் அப்படியேதான்."

"இந்த மனுசன் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்வாரு? எனக்கு ஒண்ணும் பண்ணலையே, தலைகூட வலிக்கலையேன்னாரு. டாக்டர் சொன்னாரு, உன் அண்ணனுக்கும் வலிச்சிருக்காதுப்பான்னு."

நான் ஒரு டின்னை இழுத்துப்போட்டு அவளை உட்காரவைத்தேன்.

"மாத்திரை குடுத்திருக்காரு. ஆகஸ்டு கடைசிவரைக்கும் டைம். அதுக்குள்ள நூத்தி அறுபதுக்குக் கீழ கொண்டு வந்தா கையெழுத்து. இல்லேன்னா கரைக்குப் போ." கரைப்பக்கம் கையைக் காட்டினாள். "கரையில எங்களுக்கு என்ன இருக்கு, ரீக்? இருபத்தாறு வருஷமா நான் அசையாத தரையில தூங்கினதே இல்ல. அவர் கப்பல விட்டு இறங்கினா ஆறே மாசத்துல செத்துருவாரு. ஏத்திவிட்டா அண்ணன் மாதிரி சுக்கான்லயே செத்துருவாரு. நான் எதைத்தான் கேக்குறது?"

அன்றைக்கு அவள் எதுவும் வாங்காமலே திரும்பிப் போனாள்.

அதற்கடுத்த வாரம் வந்தபோது டாக்டர் கொடுத்த தாள் ஒன்றை மடித்து எடுத்துவந்தாள். உப்பு கூடாது. அப்படியென்றால் ஹெர்ரிங் மீன் கூடாது, பாலாடைக்கட்டி கூடாது, புகைபோட்ட சாசேஜ் கூடாது, கடையில் விற்கிற சூப்புக் கட்டி கூடாது. எங்கள் ஆட்களுக்கு இதையெல்லாம் எடுத்துவிட்டால் தட்டில் மிஞ்சுவது உருளைக்கிழங்கும் வருத்தமும்தான். தீனகெ அலமாரியில் இருந்த உப்புப் பெட்டியையே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள்.

"உப்பு ட்ரொப் வேணாம். இனிப்பு ட்ரொப் குடு," என்றாள்.

நானும் என்ன கெட்டிக்காரி பார் என்று மெச்சினேன். இருக்கிற நாலு வகையில் உப்பே இல்லாததைத் தேடி எடுத்துக்கொடுத்தேன்.

சுக்கான் அறையிலிருந்து ஹார்மென் தலையை நீட்டிக் கத்தினார். "ரீக்! இந்தப் பொம்பள எனக்கு உப்பில்லாத பட்டாணி சூப் வெச்சுத் தர்றா! நீ கண்டிக்க மாட்டியா?"

"நான் எதுக்குக் கண்டிக்கணும்? உனக்கு வேணும்!"

"கோந்து மாதிரி இருக்கு. அதை வெச்சு வீட்டுச் சுவருக்குக் காகிதம் ஒட்டலாம்!"

"ஒட்டிட்டுக் குடி!" என்றாள் தீனகெ. எல்லாரும் சிரித்தோம். அந்தக் கோடையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது கிட்டத்தட்ட அதுதான் கடைசி.

பாவம், மனுஷனுக்கு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தாள் அவள். பிடுங்கினதற்கு ஈடாகக் கொடுக்க அவளிடம் வேறென்ன இருந்தது? மே மாதத்தில் வாரத்துக்கு மூன்று பொட்டலம் ட்ரொப், ஜூனில் நான்கு. "அதாவது இருக்கட்டும், ரீக். ஏதோ ஒண்ணு மனுசன் வாய்க்கு வேணும்ல," என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹார்மென் கப்பல் ஓட்டமாட்டார். டீல் துறையில் கட்டிவிட்டுக் கோவிலுக்குப் போவார்கள். நாங்களும் அங்கேதான் கட்டுவோம். ஜூன் மாதத்து ஒரு ஞாயிறு காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். போனால் மேசைமேல் காப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, கையில் சுற்றுகிற பட்டையும் ரப்பர்க் குமிழும் காதுக்குழாயும் பரப்பி வைத்திருந்தாள். கரையில் ஒரு நர்ஸிடம் கற்றுக்கொண்டாளாம். மற்ற நாட்களில் எஞ்சின் ஓடுவதால் காதில் நாடி கேட்காது. வாரத்தில் இந்த ஒரு நாள்தான்.

"எல்லாரும் வாய மூடுங்க," என்றாள்.

தோன்கூட காப்பியை உறிஞ்சாமல் வைத்துக்கொண்டார். குமிழை அமுக்கி அமுக்கி ஏற்றினாள், பிறகு காற்றை மெல்ல விட்டாள். ஹார்மென் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தீனகெயின் முகத்தைப் பார்த்தேன். அளவு காட்டும் முள் இறங்க இறங்க அவள் முகமும் விழுந்தது.

"இருநூத்தி அஞ்சு."

எழுந்து போய் அலமாரிக் கதவைத் திறந்தாள். உட்பக்கத்தில் பெண்கள் இரண்டு பேரும் வளர வளரப் போட்ட உயரக் கோடுகள் இருந்தன. அவற்றுக்குப் பக்கத்திலேயே பென்சிலில் ஞாயிறு ஞாயிறாக எண்கள். பிள்ளைகளின் கோடு மேலே மேலே போயிருந்தது. இது இறங்கவே இல்லை.

"மாத்திரைய எங்க போடுற?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"வாயிலதான்."

"பொய் சொல்லாத. டாக்டரே சொல்லிட்டாரு. ரெண்டு மாத்திரையும் ஒழுங்கா போட்டா இப்படி நிக்காதுன்னு. ஆத்துல வீசுறியா?"

"நான் எதுக்கு வீசணும்?"

"உனக்குத்தான் ரத்தம் அப்படியாச்சே! அப்பன் போனான், அண்ணன் போனான், நானும் போறேன்னு முடிவு பண்ணிட்டே. நான் மட்டும் லூசு மாதிரி சூப்புல உப்பு போடாம..."

"தீனகெ, ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும்! ரீக்கும் கேக்கட்டும். ரெண்டு வருஷமா தூங்குறப்ப இந்த மனுசன் மூச்சு விடுறானான்னு காது வெச்சுக் கேட்டுக்கிட்டுப் படுக்குறேன். அது இவருக்குத் தெரியுமா?"

ஹார்மென் பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பெரிய உருவம், தடித்த விரல்கள். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"போடுறேன் தீனகெ," என்றார் மெதுவாக. "சத்தியமா போடுறேன். இனிமே நீயே உன் கையால வாயில போடு. அப்புறமாவது நம்புவல்ல?"

அன்றிலிருந்து அவளே தினமும் மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். எண்கள் அசையவில்லை. டாக்டர் சிறுநீர் போக்கும் மாத்திரையைக் கூட்டினார்.

ஜூலை நடுவில் ஒரு வியாழன். வெயில். தீனகெ கீழே துணி துவைத்துக்கொண்டிருந்ததால், அந்தக் கோடையில் உதவிக்கு வந்திருந்த மாப்பிள்ளையிடம், மகளின் புருஷனிடம், சுக்கானைக் கொடுத்துவிட்டு ஹார்மெனே கயிறு பிடிக்க வந்தார். நான் வீசினேன். சரியாக அவர் கைக்குத்தான் போனது. பிடித்தார். இழுத்து முளையில் சுற்றப்போனவர் பாதியில் நின்றார். கயிறு அவர் கையிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தது.

பதினாறு வயதிலிருந்து கயிறு பிடிக்கிற மனுஷன். நான் இரண்டாம் தடவை வீசினேன். இரண்டு கையாலும் பிடித்தார். அதுவும் நழுவியது. எங்கள் படகு விலகிப் பின்னுக்குப் போனது. அவர் தளத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "தோன், கிட்டப் போ, கிட்டப் போ" என்று கத்தினேன். யெல்லெக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்குமோ என்ற ஒரே நினைப்பு எனக்கு.

அது பக்கவாதம் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் பொட்டாசியம் மிகவும் இறங்கியிருந்தது. அதனால்தான் தசையில் பலமில்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கலாம், அறுக்க வேண்டிவரும் என்று சொல்லி நைமேகன் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. ஒல்லியான, அதிகம் பேசாத ஆள் என்றாள் தீனகெ. ஒரு வாரத்தில் இவர் வாய்க்குள் என்னென்ன போகிறதோ அத்தனையும் எழுதிக்கொண்டு வாருங்கள், அதற்குப் பிறகு ஸ்கேன் படம் எடுக்கலாம் என்றாராம்.

அடுத்த வியாழன் தீனகெ தாளோடு என் படகில் இறங்கினாள்.

"நான் எழுதிட்டேன். எதாச்சும் விட்டிருக்கேனான்னு நீ பாரு. வாங்குறதெல்லாம் உன்கிட்டதானே."

எண்ணெய் டின் மேல் தாளை விரித்துப் படித்தேன். உருளைக்கிழங்கு, மோர், உப்பில்லாத ரொட்டி, கேரட், ஆப்பிள், காப்பி. ஒரு முட்டைகூட விடாமல் எழுதியிருந்தாள். ஒழுக்கமான மனுஷனின் சாப்பாடு. அதைப் படிக்கவே எனக்குத் துக்கமாக இருந்தது.

"ஒண்ணும் விடல," என்றேன்.

தோன் சுக்கானிலிருந்து திரும்பிப் பார்க்காமல் கத்தினார். "அந்தக் கறுப்பு மிட்டாய எழுதினாளா?"

"அது சாப்பாடா?" என்றேன்.

"வாய்க்குள்ள போறதெல்லாம்னு தானே கேட்டாங்க? ஆளு நாள் பூரா மாடு மாதிரி அசை போட்டுக்கிட்டே இருக்கான்!"

தீனகெ லேசாகச் சிரித்தாள். பென்சிலை வாங்கி, தாளின் அடியில் சின்ன எழுத்தில் எழுதினாள்: ட்ரொப், இனிப்பு, நான்கு பொட்டலம். "டாக்டரம்மா சிரிக்கப் போறாங்க," என்றாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேலிருந்து படித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் விரலை வைத்தாராம். "நாக்கை நீட்டுங்க," என்றாராம். ஹார்மென் நீட்டியிருக்கிறார். நாக்கு கரி போலக் கறுத்திருந்தது. ஒரு மாசத்துக்கும் மேலாகத் தினமும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவள்தான் தீனகெ. மாத்திரை இருக்கிறதா என்று பார்த்தாளே ஒழிய நாக்கைப் பார்க்கவில்லை.

"அதிமதுரம்," என்று டாக்டரம்மா விளக்கியிருக்கிறார். "கொஞ்சமா தின்னா ஒண்ணுமில்ல. இவ்வளவு தின்னா உடம்பு உப்பையும் தண்ணியையும் புடிச்சு வெச்சுக்கும், பொட்டாசியத்தை வெளிய தள்ளும். அழுத்தம் ஏறும். அதுக்கு மேல சிறுநீர் மாத்திரையும் சேந்தா, மிச்சம் இருக்குற பொட்டாசியமும் போயிரும். கட்டி இருக்குதான்னு அப்புறம் பாப்போம். மொதல்ல அதை நிறுத்துங்க."

இதையெல்லாம் தீனகெ வந்து என்னிடம் சொன்னபோது அழவில்லை. உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து, வாங்கின ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"என் கையால, ரீக். சாடி கொறையக் கொறைய என் கையாலேயே ரொப்பினேன். மாத்திரைய வாயில வெச்ச அதே கையி."

"நான்தானே சொன்னேன். நான்தானே வித்தேன்."

"நீ சொன்னே. நான் செஞ்சேன். அவர் பொய் சொல்றாருன்னு ஆளுங்க முன்னால திட்டினேனே... அவர் ஒரு வார்த்தை திருப்பித் திட்டல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நிறுத்திய உடனே இறங்கவில்லை. முதல் ஞாயிறு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அடுத்தது நூற்று எண்பத்திரண்டு. சிறுநீர் மாத்திரையை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு நூற்று அறுபத்தாறு. அலமாரிக் கதவில் முதன்முறையாக எண்கள் இறங்கின. ஆகஸ்டு கடைசியில் நூற்று நாற்பத்தெட்டு, கீழே எண்பத்தொன்பது. கட்டியும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு மாத்திரை மட்டும் ஆயுசுக்கும் போட வேண்டும், சூப்பில் உப்பு இனியும் கூடாது. "பாதி மிட்டாய், பாதி உங்க ரத்தம்" என்று டாக்டரம்மா சொன்னாராம். ஒரு வருஷத்துக்கு என்று கையெழுத்து விழுந்தது.

அந்தச் செய்தியைத் தீனகெ கப்பல் வரும்போதே தளத்தில் நின்று தாளை ஆட்டிக் காட்டினாள். நான் கேக் சுட்டு வைத்திருந்தேன். தோன் படகு ஹாரனை அடித்தார். கயிற்றை வீசினேன். ஹார்மெனே வந்து பிடித்து, ஒரே இழுப்பில் முளையில் சுற்றினார். பிறகு வழக்கத்துக்கு மாறாக அவரே எங்கள் படகுக்குள் இறங்கினார். தீனகெ பின்னால் வந்தாள். அவர் கையில் அந்தச் சாடி இருந்தது. கழுவித் துடைத்து, அடியில் ஒட்டியிருந்த கறுப்பைக்கூடச் சுரண்டியிருந்தார்.

"காயிதம் வந்துருச்சே, மொகத்துல சிரிப்பக் காணோம்?" என்றேன்.

சாடியை எண்ணெய் டின் மேல் வைத்தார். கேக்கைப் பார்க்கவில்லை.

"ரீக், ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லு."

"கேளு."

"அண்ணன் உன்கிட்ட வாரத்துக்கு எத்தனை பொட்டலம் வாங்குவான்?"

அந்தக் கேள்வியை நான் எனக்குள்ளேயே ஒரு மாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். யெல்லெயின் கப்பல் வரும் செவ்வாய்க்கிழமைகளில் அவருடைய பங்கைத் தனியாகக் கட்டி வைத்திருப்பேன். "இந்தாப்பா உன் கரி மூட்டை" என்று கேலி பண்ணித்தான் கொடுப்பேன். அவர் மனைவி மென்னகெ சிரித்துக்கொண்டே வாங்கிப் போவாள். தீனகெயைப் பார்த்தேன். அவள் தலையை லேசாக ஆட்டினாள். சொல்லு என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. பொய் சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஆனால் அவ்வளவு பெரிய மனுஷன் ஒரு குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு," என்றேன். "சில வாரம் ஆறு."

ஹார்மென் தலையசைத்தார்.

"அப்பா?"

"உங்கப்பாவ எனக்குத் தெரியாதே."

"ஆமா. உனக்குத் தெரியாது." சாடியின் மூடியைத் திறந்தார், மூடினார். "ரத்தம்னு நெனச்சேன் ரீக். அவனைக் குழியில எறக்கினப்போகூட, எங்க ரத்தம்தானே, யார் என்ன பண்ண முடியும்னுதான் மனசத் தேத்திக்கிட்டேன்."

"டாக்டரம்மா சொல்லலையா, பாதிதான்னு?" என்றாள் தீனகெ. "அவருக்கு எதுனால ஆச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

"தெரியாதுதான்."

"சாடிய அவருக்கு ரொப்பிக் குடுத்தது மென்னகெதான்," என்றாள் மெதுவாக. "என்னை மாதிரியேதான்."

அடுத்த வளைவு நெருங்கிக்கொண்டிருந்தது. தோன் ஒரு தடவை ஹாரன் அடித்தார், கயிற்றை அவிழ்க்க வேண்டும் என்பதற்காக. யாரும் நகரவில்லை.

"மென்னகெகிட்ட சொல்லாத ரீக்," என்றார் ஹார்மென்.

"சொல்லல."

"என்னைக்கும்."

"சொல்லவே மாட்டேன் ஹார்மென்."

சாடியைக் கையில் எடுத்துக்கொண்டார். எங்கேயாவது வீசிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மேலே ஏறிப் போய், சுக்கானுக்குப் பக்கத்தில் அது எப்போதும் இருக்கிற இடத்திலேயே காலியாக வைத்தார். தீனகெ கேக்கை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு ஏறினாள். மாப்பிள்ளை சுக்கானைப் பிடித்துக்கொள்ள, ஹார்மென் மறுபடி தளத்துக்கு வந்து முளையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

"புடி!" என்று என்னை நோக்கி எறிந்தார்.

நல்ல பலத்தோடு, குறி தப்பாமல்தான் எறிந்தார். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னால் பிடிக்க முடியவில்லை. கயிறு, யெல்லெக்குக் கரி மூட்டை கட்டிக்கொடுத்த என் கையில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது.